கறி இல்லாத நாளில் என்ன குழம்பு?



புரட்டாசி பிறந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். சேமிப்பு வாங்கி, உள்கடன் பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "ஐப்பசிக்கு இன்னும் எத்தனை நாள்க்கா இருக்கு? எங்க வீட்டுல தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போறாரு." உடனே சிரிப்பு. அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் தன் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். கார்த்திகையில் வீட்டில் ஒருவர் மாலை போட்டாலும் இதே கதைதான். ஆடியில் காப்புக் கட்டினாலும் இதே கதைதான்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் நாங்களும் இதை முதலில் நினைத்தோம். கேட்கக் கேட்கத்தான் அதிலுள்ள கஷ்டம் புரிந்தது. மாமியார் விரதம், அவருக்கு ஒரு ரசமும் பொரியலும். வீட்டுக்காரருக்கு அது இறங்காது, அவருக்குத் தனிச் சட்டியில் முட்டை. பிள்ளைகள் இரண்டையும் வேண்டாம் என்று கடையில் புரோட்டா வாங்கச் சொல்லும். நூறு நாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ போய்விட்டு வந்து, இரண்டு அடுப்பு வேலை பார்த்து, கடைசியில் நாம் சாப்பிட உட்காரும்போது ரசமும் ஊறுகாயும்தான் மிச்சம் இருக்கும். இதைச் சொன்ன ஒரு உறுப்பினருக்கு அதற்கு முந்தின மாதம்தான் ரத்தசோகை என்று மருத்துவ முகாமில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கறி சாப்பிடக் கூடாது என்றோ, சைவம்தான் உயர்ந்தது என்றோ சொல்வதற்காக இதை எழுதவில்லை. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து ஆளை எடை போடுகிற பழக்கம் நம்மிடம் வேண்டாம். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்றில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றுதான் வந்தது. முடிந்தபோது கறியும் மீனும் முட்டையும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் விரதத்தாலோ விலையாலோ கறி இல்லாத நாட்கள்தான் நம் வீடுகளில் அதிகம். அந்த நாட்களிலும் எல்லோரும் ஒரே சட்டியில் ஊற்றிச் சாப்பிடுகிற மாதிரி, வயிறும் நிறைகிற மாதிரி, சமைக்கிறவருக்கும் சத்து சேருகிற மாதிரி என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு.

"சாப்பிட்ட மாதிரியே இல்ல"

கறி இல்லாத சாப்பாட்டைப் பற்றி ஆண்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். இதைக் குறும்பு என்று தள்ளிவிட வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். காலையிலேயே சின்ன வெங்காயம் உரிக்கிறோம். இஞ்சி பூண்டு தட்டுகிறோம். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு, கசகசா, தேங்காய் எல்லாம் வறுத்து அரைக்கிறோம். எண்ணெயைத் தாராளமாக விட்டு, பட்டை கிராம்பு பொரித்து, வெங்காயம் சிவக்கும் வரை நின்று கிளறுகிறோம். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை இறக்குவதில்லை. தெருமுனைக்கே வாசம் போகும். திங்கட்கிழமை என்ன நடக்கிறது? ஒரு கை பருப்பைப் போட்டு, கடையில் வாங்கின சாம்பார்ப் பொடியைப் போட்டு, தண்ணியைத் தாராளமாக ஊற்றி அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். நாம் சோம்பேறி என்று சொல்லவில்லை, வேலைக்குப் போகிற நாளில் அவ்வளவுதான் முடியும். ஆனால் நாக்கு தேடுவதில் பாதிக்கு மேல் கறியே இல்லை. அந்த வறுத்த மசாலாவும், வதங்கின வெங்காயமும், எண்ணெயும்தான். அந்த மரியாதையை நாம் காய்க்கும் பயறுக்கும் கொடுப்பதில்லை.

இரண்டாவது, மெல்லுவதற்கு ஒன்று வேண்டும். கறி சாப்பிட்டுப் பழகின வாய்க்குக் குழைந்த பருப்பும் வெந்து கரைந்த காயும் பத்தாது. பல்லில் கடிபட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது. கறியில் புரதம் இருக்கிறது, புரதம் உள்ள சாப்பாடு வயிற்றில் நின்று பசி தாங்கும். தண்ணி சாம்பாரும் சோறும் சாப்பிட்டால் சீக்கிரமே மறுபடி பசிக்கும். "சாப்பிட்ட மாதிரியே இல்ல" என்று அவர் சொல்வது ஒரு வகையில் உண்மைதான்.

ஆகவே வாசம், கடி, புரதம் மூன்றும் ஒரே சட்டியில் இருக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் தட்டு நகரும்.

கொண்டைக்கடலைக் கறிக்குழம்பு

நாங்கள் செய்து பார்த்ததில் எல்லா ஊரிலும் தோற்காத குழம்பு இது. ஐந்து பேருக்குக் கால் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை போதும். வெள்ளைக் கடலையும் ஆகும், ஆனால் கறுப்புக்குத்தான் கடி அதிகம், விலையும் குறைவு. முந்தின ராத்திரியே ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணியில் உப்புப் போட்டு குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். நசுக்கினால் நசுங்க வேண்டும், குழையக் கூடாது. வேகவைத்த தண்ணியைக் கொட்ட வேண்டாம், அதுதான் நமக்கு எலும்புச் சாறு மாதிரி.

மல்லி இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறிலிருந்து எட்டு, மிளகு, சீரகம், சோம்பு, கசகசா ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைத் தனித்தனியாக வறுத்து, கடைசியில் கால் மூடித் தேங்காயையும் சிவக்க வறுத்து, மையாக அரைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் நல்லெண்ணெய் மூன்று கரண்டி விட்டு பட்டை, கிராம்பு, கொஞ்சம் கல்பாசி, கறிவேப்பிலை தாளித்து, இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி போட்டுவிடுகிறோம், அதுதான் தப்பு. நன்றாகச் சிவக்கணும். பிறகு தக்காளி இரண்டு, மஞ்சள்தூள், அரைத்த மசாலா. பச்சை வாசனை போனதும் கடலையைத் தண்ணியோடு ஊற்றி, ஒரு கைப்பிடிக் கடலையை மட்டும் மசித்துப் போடுங்கள், குழம்பு கெட்டிப்படும். சிறு தீயில் கால் மணி நேரம் கொதித்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் மல்லித்தழை தூவி இறக்கலாம்.

பெருமாளுக்கு விரதம் இருக்கிற சில வீடுகளில் வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். அங்கே மிளகையும் சோம்பையும் கொஞ்சம் கூட்டி, பெருங்காயம் போட்டு, தக்காளியை அதிகமாக்கிக்கொள்ளுங்கள். வாசம் கொஞ்சம் மாறும், குறையாது.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். கால் கிலோ கொண்டைக்கடலை முப்பது ரூபாய்க்குள் வந்துவிடும். ஆட்டுக்கறி கிலோ எண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. சத்தில் எப்படி? எலும்பு நீக்கிய ஆட்டுக்கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. காய்ந்த கறுப்புக் கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 19 கிராம். கிட்டத்தட்ட சமம் போலத் தெரியும், ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடலை வெந்தால் தண்ணி குடித்து இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடும். அதனால் சோற்றின் மேல் பத்துக் கடலை போட்டால் போதாது. குழிக்கரண்டி நிறைய இரண்டு தரம் போட வேண்டும். பயறில் குறைவான ஒரு சத்து அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவானது பயறில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போது புரதம் முழுமையாகிறது. நம் பாட்டிமார் மொச்சையும் தட்டப்பயறும் சோற்றோடு போட்டதில் அர்த்தம் இருந்திருக்கிறது.

மீல்மேக்கரில் நாங்கள் பட்ட பாடு

முதல் முறை கூட்டமைப்பு அலுவலகத்தில் செயல்விளக்கம் வைத்தபோது மீல்மேக்கர்தான் செய்தோம். உறுப்பினர்களின் வீட்டுக்காரர்களையும் அழைத்திருந்தோம். வந்தவர்களில் ஒருவர் ஆட்டு வியாபாரம் செய்கிறவர். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டு, "பாத்திரம் தேய்க்கிற பஞ்சை வேகவச்சுட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். எங்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. தப்பு எங்கள் மேல்தான். ஊறவைத்த தண்ணியோடு அப்படியே குழம்பில் கொட்டிவிட்டோம்.

மீல்மேக்கர் என்பது சோயா மொச்சையில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவை இயந்திரத்தில் அழுத்தி உருண்டையாக்கிக் காயவைத்தது. எண்ணெய் போய்விட்டதால் புரதம் மிக அதிகம், காய்ந்த உருண்டை 100 கிராமில் சுமார் 50 கிராம் இருக்கும். ஆனால் அதற்கென்று ருசி கிடையாது, சோயாவுக்கே உரிய ஒரு பச்சை வாடைதான் உண்டு. அதனால் உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, குளிர்ந்த நீரில் இரண்டு தரம் அலசி மறுபடி பிழிய வேண்டும். தண்ணி சொட்டக் கூடாது. பெரிய உருண்டையாக இருந்தால் இரண்டாகக் கிள்ளி, கொஞ்சம் தயிர், மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். பிழிந்த பஞ்சு இப்போது மசாலாவைக் குடிக்கும். பிறகு எண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்து, கடைசியில் மிளகும் சோம்பும் பொடித்துத் தூவி, சுக்கா மாதிரி வறட்டி எடுங்கள். குழம்பாக வைப்பதைவிட வறுவலாகச் செய்தால்தான் நன்றாக இருக்கிறது என்பது எங்கள் அனுபவம். அடுத்த முறை அதே வியாபாரி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். பாராட்டிச் சொல்லவில்லை, ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

கடி வேண்டுமென்றால் இன்னும் பல வழி இருக்கிறது. பலாப்பிஞ்சு கிடைக்கிற காலத்தில், கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவி, துண்டு போட்டு, உப்பு மஞ்சளோடு வேகவைத்து அதே கறி மசாலாவில் பிரட்டினால் நார் நாராக, பார்ப்பதற்கே கறி மாதிரி இருக்கும். சேனைக்கிழங்கைக் கனமான வில்லையாக நறுக்கி, நமைச்சல் போகப் புளித்தண்ணியில் முக்கால் பதம் வேகவைத்து, மீன் வறுவலுக்குப் போடுகிற அதே மசாலாவைத் தடவி தோசைக்கல்லில் பொரித்தெடுங்கள். வாழைக்காயை நீளவாக்கில் சீவி இப்படியே செய்யலாம். மீன் குழம்பு ருசி தேடுகிறவர்களுக்கு மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு, புளி கொஞ்சம் தூக்கலாக, வெந்தயம் தாளித்து, நல்லெண்ணெய் விட்டு, இறக்கும் நேரத்தில் மாங்காய்த் துண்டு போட்டு வையுங்கள். மறுநாள் பழங்குழம்பாகத்தான் அதன் ருசியே. கருவாட்டுக் குழம்பு வைத்தால்கூட மொச்சைதானே முதலில் தீர்கிறது!

காளானைப் பற்றிப் பலர் கேட்டார்கள். நம் குழுக்களில் சிலர் சிப்பிக்காளான் வளர்த்து விற்கவும் செய்கிறார்கள். ருசிக்கு அதை அடிக்க ஆளில்லை, கறிக்கு அடுத்தபடி வாசம் தருவது காளான்தான். ஆனால் பச்சைக் காளானில் பெரும்பகுதி தண்ணி, 100 கிராமில் மூன்று கிராம் அளவுக்குத்தான் புரதம். பலாப்பிஞ்சும் சேனையும் வாழைக்காயும்கூட இப்படித்தான், வாய்க்குக் கறி மாதிரி இருக்கும், சத்தில் கறி ஆகாது. அவற்றைச் செய்கிற அன்று பக்கத்தில் ஒரு பயறோ பருப்போ கட்டாயம் இருக்கட்டும். மழைக்குப் பிறகு வேலியோரம் முளைக்கிற காளானில் அடையாளம் தெரியாததைப் பறித்துச் சமைக்க வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

ரேஷன் பருப்பில் உருண்டைக் குழம்பு

ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு வாங்குகிறோம். அதைச் சாம்பாருக்கு மட்டும் என்று வைத்திருக்கிறோம். இரண்டு ஆழாக்குத் துவரம் பருப்போடு அரை ஆழாக்குக் கடலைப் பருப்பு சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணியை ஒட்ட வடித்துவிட்டு, மிளகாய், சோம்பு, உப்புப் போட்டுக் கரகரப்பாக அரையுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயமும் இரண்டு கை முருங்கைக் கீரையும் பிசைந்து உருட்டி, இட்லித் தட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஆவியில் வைத்துவிட்டுப் போட்டால் குழம்பில் கரையாது. புளிக்குழம்பும் ஆகும், மேலே சொன்ன கறி மசாலாக் குழம்பும் ஆகும். உருண்டையைக் குழம்பில் போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டுப் பரிமாறுங்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் கைமா வைத்துச் செய்கிற கோளா உருண்டையை வாழைப்பூவில் செய்வதும் இந்த வகைதான். பூவின் நரம்பை நீக்கி மோர்த்தண்ணியில் போட்டு, வேகவைத்துப் பிழிந்து, பொட்டுக்கடலைப் பொடி, சோம்பு, கசகசா, தேங்காயோடு அரைத்து உருட்டிப் பொரிக்க வேண்டியதுதான். வேலை அதிகம். வாரத்தில் ஒரு நாள் மாமியாரும் பிள்ளைகளும் கூட உட்கார்ந்தால் ஆகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கறி என்று பொய் சொல்லிப் போடாதீர்கள். ஒரு ஊரில் மாலை போட்டிருந்த ஐயப்பசாமிக்குக் காளான் குழம்பு ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு வாய் சாப்பிட்டவர் கறிதான் என்று நினைத்துப் பாதியில் எழுந்து, அவர் அம்மா அழுது, பக்கத்து வீட்டார் வந்து சட்டியை எட்டிப் பார்த்த பிறகுதான் அடங்கியிருக்கிறது. இன்னொரு உறுப்பினர் விளையாட்டாக வீட்டுக்காரரிடம் மட்டன் என்றே சொல்லிப் போட்டார். நன்றாகச் சாப்பிட்டவர் உண்மை தெரிந்ததும், "என்னை ஏமாத்துறியா?" என்று நான்கு நாள் பேசவில்லை. கொண்டைக்கடலையைக் கொண்டைக்கடலை என்றே சொல்லிப் போடுங்கள். ருசியாக இருந்தால் தானாகக் கேட்பார்கள்.

நம் தட்டில் என்ன விழுகிறது?

கறிக்குழம்பில் துண்டை எண்ணலாம். எண்ணித்தான் போடுகிறோம். அவருக்கு ஐந்து, பிள்ளைகளுக்கு மூன்று மூன்று, மாமனாருக்கு மெதுவான துண்டு. நமக்குக் குழம்பும் ஒரு எலும்பும். யாரும் கொடுக்காமல் இருக்கவில்லை, நாமேதான் இப்படிப் பங்கு வைக்கிறோம். கொண்டைக்கடலையை எண்ண முடியாது. கால் கிலோ போட்டால் சட்டி நிறைய இருக்கும், கடைசியில் உட்காருகிறவருக்கும் அடியில் கடலை கிடக்கும். இந்தக் குழம்பை நாங்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. பாதிக்கும் மேல். ஒரு குழுவில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தால் ஏழெட்டுப் பேருக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறியில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும். பயறிலும் கீரையிலும் உள்ளது அவ்வளவு சுலபமாகச் சேராது, அதற்குத் துணை வேண்டும். பயறுக் குழம்பு சாப்பிடுகிற அன்று எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்துக்கொள்ளுங்கள். புளிப்பான அந்தச் சத்து இரும்பை இழுத்துக் கொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் அதைத் தடுத்துவிடும், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்தவும் கூடாது, குழம்பு மாத்திரைக்குப் பதில் ஆகாது. முழுமாதமும் அசைவம் தொடாத வீடுகளில் தயிரோ மோரோ பாலோ தினமும் இருக்கட்டும். பி12 என்ற சத்து பயறிலும் காயிலும் கிடையாது, பாலில் உண்டு.

ஆரம்பத்தில் சொன்ன அந்த உறுப்பினர் இப்போது வாரம் இரண்டு நாள் கொண்டைக்கடலைக் குழம்பு வைக்கிறார். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டோம். "கறி மாதிரி இல்லைன்னுதான் சொன்னாரு. ஆனா முட்டை போடச் சொல்லலை" என்றார். அடுப்பு இரண்டிலிருந்து ஒன்றானதே அவருக்குப் பெரிய ஆறுதல். தன் தட்டுக்கு முதலில் இரண்டு கரண்டி எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறாராம். மாமியார் ஒரு நாள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம்.

கறி மசாலாப் பொடியை வறுத்து அரைத்து விற்கிற குழுக்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கின்றன. தினமும் அரைக்க நேரம் இல்லாதவர்கள் அவர்களிடம் வாங்கலாம். உங்கள் ஊரில் கறி இல்லாத நாளுக்கென்று வேறு குழம்பு வைப்பதுண்டு என்றால், அளவோடு ஒரு தாளில் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அளவை மட்டும் "கண்ணளவு" என்று சொல்லிவிடாதீர்கள்க்கா, போன தடவை அப்படி வந்த மூன்று குறிப்பையும் எங்களால் போட முடியவில்லை.